இரண்டு பெயர் எழுதிய துணி

ரோண்டே சைக்கிள் பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வன்னெஸின் பெயர் அணிப் பட்டியலில் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை காலை பேக்கரியில் எனக்கு ரொட்டி வெட்டக் கை போதவில்லை. வாங்க வந்தவர்கள் யாரும் வாங்கியதும் போகவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்று பேசினார்கள்.

"நம்ம ஊர்ப் பையன் நம்ம ஏத்தத்துல ஏறப் போறான். எனக்கு இப்பவே மூச்சு வாங்குது" என்றார் தபால்காரர்.

"உனக்கு மாடிப்படி ஏறினாலே வாங்குமே" என்றாள் அவர் மனைவி. கடையே சிரித்தது.

நானும் சிரித்தேன். பந்தயப் பாதையில் பதித்திருக்கும் கல்லைப் போலச் சதுரமாகச் செய்யும் சாக்லேட் கேக்குகளுக்கு எங்கள் கடையில் அந்த வாரம் எப்போதும் கிராக்கிதான். இந்த முறை எல்லோரும் அதன்மேல் 'வன்னெஸ்' என்று எழுதிக் கேட்டார்கள். அன்று மட்டும் நாற்பது கேக்கில் அந்தப் பெயரைச் சர்க்கரைப் பாகால் எழுதினேன். ஐந்தாறு கேக்குக்குப் பிறகு கை தன்பாட்டில் எழுதியது. நான் என் மகனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாண்டரும் வன்னெஸும் ஒரே வயது. வன்னெஸின் அம்மா கிறிஸ்டீன் முதல் வகுப்பிலிருந்து என் தோழி. பையன்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் சைக்கிள் கிளப்பில் சேர்ந்தார்கள். ஒரே காரில் பந்தயங்களுக்குப் போனார்கள். என்னை வன்னெஸ் சித்தி என்பான். லாண்டருக்குக் கிறிஸ்டீன் சித்தி. எட்டு வருஷத்துக்கு முன், இருவருக்கும் பதினாறு வயதாக இருந்தபோது, பக்கத்து ஊர்த் திருவிழாப் பந்தயத்தில் லாண்டர் விழுந்தான். கல் பாதை தொடங்கும் வளைவில் ஒரு சிமென்ட் கம்பத்தில் தலை மோதியது. இரண்டு நாள் கழித்துக் கெண்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் எங்களை விட்டுப் போய்விட்டான். அந்த ஞாயிறு எனக்குக் கடையில் வேலை. என் கணவன் வில்ஃபிரிட்தான் அங்கே நின்றிருந்தான். "சக்கரம் சக்கரத்துல பட்டுடுச்சு. யாரு மேலயும் தப்பு இல்ல" என்று அவன் சொன்னதை நம்பித்தான் எட்டு வருஷமும் நான் உயிரோடு இருந்தேன்.

எங்கள் வீடு காப்பெல்பெர்க் ஏற்றத்தில், மிகச் செங்குத்தான இடத்தில் இருக்கிறது. சைக்கிள்காரர்கள் வேறு வழியில்லாமல் ஆமை வேகத்தில் ஊரும் இடம். லாண்டர் இருந்த காலத்தில் ரோண்டே ஞாயிறன்று எங்கள் முற்றத்தில் நாற்பது பேர் நிற்பார்கள். அவன் போன பிறகு அந்த ஞாயிற்றில் நாங்கள் ஊரில் இருந்ததில்லை. சாலைகளை அடைத்துவிடுவார்கள் என்பதால் வில்ஃபிரிட் முந்தின நாளே காரைப் பின்பக்கம் பீட்ரூட் வயலோரம் நிறுத்திவிடுவான். காலையில் ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு வயல் வழியாக நடந்து போய்க் காரில் ஏறிக் கடற்கரைக்குப் போவோம். சாயங்காலம் வரை காற்றில் நடப்போம். கூரை ஓடு மாற்றுகிற வேலை அவனுக்கு. பேச்சு குறைவு. கடற்கரையில் அதுவும் இருக்காது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஃபோன்ஸ் வந்தான். ஏற்றத்தின் அடியில் இருக்கும் மதுக்கடை அவனுடையது. வன்னெஸ் ரசிகர் சங்கத்துக்கும் அவன்தான் தலைவன்.

"ஞாயித்துக்கிழம உங்க முற்றம் வேணும். நீங்க இருக்க மாட்டீங்கன்னு தெரியும். கேட்டை மட்டும் தெறந்து வச்சுட்டுப் போங்க. ஒம்போது வருஷமா சங்கம் நடத்துறோம். பையன் இப்பதான் பெரிய பந்தயத்துக்கு வர்றான். அவன் மூஞ்சியப் பக்கத்துல பாக்க வேற எடம் இல்ல" என்றான்.

வில்ஃபிரிட் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபோன்ஸ் கக்கத்திலிருந்த மஞ்சள் துணியைச் சமையலறைத் தரையில் விரித்தான். கதவிலிருந்து அடுப்பு வரை நீண்டது. கறுப்பு எழுத்தில் 'வன்னெஸ்! லாண்டருக்காகவும் ஏறு!' என்று எழுதியிருந்தது.

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். எட்டு வருஷமாக என் மகனின் பெயரைக் கல்லறைக்கல்லில் தவிர வேறெங்கும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

"கட்டு ஃபோன்ஸ். நல்லா உசரத்துல கட்டு" என்றேன்.

வில்ஃபிரிட் துணியை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விட்டான். துக்கம் தாங்காமல் போகிறான் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதுக்கடை மாடிக்கும் எதிரே இருந்த விளக்குக் கம்பத்துக்கும் நடுவே துணி பறந்தது. புதன்கிழமை வெளியூர் ரசிகர்கள் தங்கும் வண்டி வீடுகள் வந்து சேர்ந்தன. ஏற்றத்தின் இரு பக்கமும் மடக்கு நாற்காலிகளும் சிங்கம் போட்ட எங்கள் பகுதிக் கொடிகளும் முளைத்தன. கற்களின்மேல் சுண்ணாம்பால் பெயர் எழுதினார்கள். மழை வருமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதைத் தவிர ஊரில் வேறு பேச்சு இல்லை. எனக்கும் பந்தயம் பார்க்கும் பழைய ஆசை வந்துவிட்டது. இந்த வருஷம் கடற்கரைக்குப் போக வேண்டாம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அணிகள் பாதையைப் பார்த்துப் பழக வருகிற நாள். எனக்கு மதியத்தோடு வேலை முடிந்தது. ஜன்னலில் நின்று பார்த்தேன். வன்னெஸ் தன் அணியோடு ஏறிப் போனான். ஓரத்தில் நின்றவர்கள் அவன் பெயரைக் கத்தினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துப் பின்கதவு தட்டப்பட்டது. தோட்டத்தில் சைக்கிளைப் பிடித்தபடி வன்னெஸ் நின்றான். வருஷக்கணக்காக அவன் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. கெண்ட் பக்கம் குடிபோய்விட்டான். வழியில் பார்த்தால் தலையாட்டுவான், அவ்வளவுதான்.

"உள்ள வாடா" என்றேன்.

"இல்ல சித்தி. கல்லுல நடந்த ஷூ, அழுக்காயிடும்." சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். "கீழ கட்டியிருக்கிற துணிய எறக்கச் சொல்லுங்க. நான் சொன்னா ஏன்னு கேப்பாங்க. நீங்க சொன்னா கேக்க மாட்டாங்க."

"ஏன்டா?"

"லாண்டர் தானா விழல சித்தி."

எனக்குப் புரியவில்லை.

"கல்லு தொடங்குறதுக்கு முன்னாடி முதல்ல போகணும்னு எல்லாரும் முட்டினோம். அவன் என் இடப்பக்கம் இருந்தான். எடம் குடுக்கல. நான் தோளால தள்ளினேன். அவன்னு தெரிஞ்சேதான் தள்ளினேன். பின்னால சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கல. நாலாவதா வந்தேன்." அவன் ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அவனுக்காக ஏறுன்னு எழுதியிருக்காங்க. அது கீழ என்னால போக முடியாது."

நான் என்ன சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "சூப் குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சித்தி. வண்டி காத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினேன். பிறகு கோபம் வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு கிறிஸ்டீன் வீட்டுக்கு நடந்தேன். உன் மகன் என்ன செய்தான் தெரியுமா என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும். அவள் ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து மஞ்சள் கொடிகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் கவ்விய ஊசியோடு சிரித்துக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன். அப்படியே திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஃபோன்ஸிடம் போனேன்.

"துணிய எறக்கிடு."

"ஏன்? திங்கக்கெழம அத்தன சந்தோஷப்பட்ட?"

"இப்ப புடிக்கல."

"ஊரே கூடிக் கட்டினது மார்லீன். என்னன்னாவது சொல்லு."

"என் மகன் பேரு அது. எறக்குன்னா எறக்கு."

அவன் ஏணி கொண்டுவந்தான். மேலே நின்று முடிச்சை அவிழ்க்கும்போது முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் முணுமுணுத்தான்.

சனிக்கிழமை நான் பேக்கரியின் பின்னறையிலிருந்து தட்டோடு வந்ததும் கடையில் பேச்சு நின்றது. ஒருத்தி மட்டும் என்னைக் கவனிக்காமல், "அவ பையன் இல்ல, இவன் இருக்கான். அதான் பொறுக்கல" என்று சொல்லி முடித்தாள். நான் அவளுக்கு ஆறு பன் எண்ணிக் கொடுத்தேன்.

பத்து மணிக்குக் கிறிஸ்டீனே வந்தாள். எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள்.

"ஏன்டி? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் என்ன உனக்குப் பகையா?"

"அவன் பேரு கல்லறைல இருந்தாப் போதும்" என்றேன்.

"வன்னெஸ் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான் தெரியுமா? அவனுக்கு லாண்டருன்னா உசுரு."

நான் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்று அவள் எதுவும் வாங்கவில்லை.

சனிக்கிழமை பந்தயப் பாதையில் பொதுமக்கள் சைக்கிள் ஓட்டுகிற நாள். ஆயிரக்கணக்கான பேர் ஏறி இறங்கியிருந்தார்கள். சாயங்காலம், வெளிச்சம் இன்னும் இருந்தது, வில்ஃபிரிட் கேட்டுக்கு முன்னால் காலி டப்பாக்களையும் காகிதங்களையும் கூட்டிக்கொண்டிருந்தான். காரைப் பீட்ரூட் வயலோரம் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"ஊர்ல உன்னத் திட்டுறாங்க" என்றான் நிமிராமல். "துணிய ஏன் எறக்கச் சொன்ன?"

இனி முடியாது என்று தோன்றியது. வன்னெஸ் வந்ததையும் அவன் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் கூட்டுவதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் பாத்தேன். அந்தக் கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் நின்னேன். தோளால இடிச்சத ரெண்டு கண்ணால பாத்தேன்."

கேட்டைப் பிடித்துக்கொண்டேன். "எட்டு வருஷமா? எட்டு வருஷம் என் பக்கத்துல படுத்துக்கிட்டு மறைச்சியா?"

"நான் ஆம்புலன்ஸ்ல ஏறும்போது வன்னெஸ் வந்தான் மார்லீன். நாலாவதா வந்த சந்தோஷத்துல தண்ணி பாட்டில ஆட்டிக்கிட்டு லாண்டரத் தேடிக்கிட்டு வந்தான். அப்புறம்தான் ரத்தத்தப் பாத்தான். அந்த மூஞ்சிய நான் பாத்தேன். பதினாறு வயசு. நான் வாயத் தெறந்திருந்தா அவன் அன்னைக்கே முடிஞ்சிருப்பான். ஒருத்தன் போயிட்டான். இன்னொருத்தனையும் அனுப்பவா?"

"ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு ஏன் சொல்லல? நான் அவன் அம்மா!"

அவன் காலடியில் கிடந்த ஒரு டப்பாவைக் குனிந்து எடுத்தான். "அந்த வருஷம் நீ சாப்பிடல, தூங்கல. வாரத்துக்கு ரெண்டு நாள் கிறிஸ்டீன் வந்து உன்னக் குளிக்க வச்சு, உக்கார வச்சு, காபி குடுத்துட்டுப் போவா. உனக்கு வேற யாரு இருந்தா? நான் சொல்லியிருந்தா அவளையும் நீ இழந்திருப்ப."

அதனால்தான் கடற்கரை. ஊர் முழுக்கச் சைக்கிளுக்குக் கைதட்டுகிற நாளில் அவனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. காற்றில் பேசாமல் நடந்தபோதெல்லாம் அவன் எதைச் சுமந்து நடந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டும் செய்யாமல் துடைப்பத்தை எடுத்து மீதியை நான் கூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஜன்னல் கதவுகளைச் சாத்தவில்லை. கேட்டைத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்தான்.

"நாங்க இருக்கோம். வரச் சொல்லு" என்று ஃபோன்ஸுக்குப் போன் செய்தான்.

பதினோரு மணிக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. பேசாமல் முறைத்தவர்களும் வந்தார்கள். நான் பெரிய பானையில் சூப் வைத்தேன். கிறிஸ்டீன் வாசலில் தயங்கி நின்றாள். "வாடி" என்றேன். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விடுவிக்கவில்லை. அந்தக் கை எனக்கு வேண்டியிருந்தது, பிடிக்கவும் இல்லை.

மதியத்துக்குமேல் யாராலும் உட்கார முடியவில்லை. "இன்னும் இருவது கிலோமீட்டர்" என்றான் ரேடியோ வைத்திருந்தவன். கற்களின்மேல் வந்தவர்களைப் போலீஸ்காரர்கள் ஓரத்துக்குத் தள்ளினார்கள். தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் கிறிஸ்டீன் என் விரல்களை நெரித்தாள். "வர்றான், வர்றான்" என்று ஃபோன்ஸ் எல்லோர் முதுகிலும் அடித்தான். மோட்டார் சைக்கிள்கள் ஏறின. பிறகு கூட்டத்தை விட்டு முன்னால் வந்த நான்கு சைக்கிள்காரர்கள். பிறகு பெரிய கூட்டம், மண் அப்பிய முகங்களோடு, பல்லைக் கடித்துக்கொண்டு. ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். அவன் அணியின் சட்டைகள் ஐந்து போயின. பின்தங்கியவர்கள் போனார்கள். அணிக் கார்கள் போயின. கடைசியாக, பந்தயம் முடிந்தது என்று காட்டும் வண்டியும் போனது.

வன்னெஸ் வரவில்லை. ரேடியோக்காரன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு ஃபோன்ஸைப் பார்த்தான். ஃபோன்ஸ் கிறிஸ்டீனிடம் வந்தான்.

"விழுந்துட்டானாம். கெண்ட்டுக்குக் கொண்டு போயிருக்காங்க. வேற ஒண்ணும் சொல்லல."

கிறிஸ்டீன் என் பக்கம் திரும்பினாள். "மார்லீன்," என்றாள். "மார்லீன், தலையா? தலையான்னு கேளு."

அதற்குள் வில்ஃபிரிட் கோட்டை மாட்டியிருந்தான். "கார் வயலோரம் நிக்குது. ரோடு அடைச்சிருந்தாலும் அந்தப் பக்கமாப் போயிடலாம். வாங்க" என்றான். அவ்வளவு வேகமாக அவன் நடந்து நான் பார்த்ததில்லை. சேற்றில் கிறிஸ்டீனின் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அவன் குனிந்து பிடுங்கிக் கொடுத்தான். வழி முழுக்க அவள் பின்சீட்டில் என்மேல் சாய்ந்திருந்தாள். அதே ஊருக்கு, அதே சாலையில், எட்டு வருஷத்துக்கு முன் என்னை யாரோ கூட்டிப்போனார்கள். அது யார் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

தலையில் அடி இல்லை. கழுத்துப்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்பும்தான் முறிந்திருந்தன. நர்ஸ் சொன்னதும் கிறிஸ்டீன் நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். அவளைப் படிவங்கள் எழுத அழைத்துப்போனார்கள். நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

வன்னெஸ் எங்களைப் பார்த்து எழ முயன்றான். வலியில் முகம் கோணியது.

"படு" என்றான் வில்ஃபிரிட். கட்டிலின் கால்மாட்டில் நின்றான், உட்காரவில்லை. "நான் அன்னைக்குக் கம்பத்துக்கு எதிர்ல நின்னேன். பாத்தேன்டா."

பையன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமைகளின் வழியாகக் கண்ணீர் வழிந்தது. "அப்ப ஏன் சித்தப்பா ஒண்ணும் சொல்லல?"

"உனக்குப் பதினாறு." வில்ஃபிரிட் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சுட்டேன்னு சொல்ல வாய் வரல. வருமான்னும் தெரியல. ஆனா நீ விழுந்துட்டன்னு கேட்டதும் வண்டி எடுக்கத்தான் ஓடினேன். அது எனக்கே இப்பதான் தெரிஞ்சுது. அத உங்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்."

"அம்மாகிட்ட சொல்லப் போறேன்."

"அது உன் பாடு. நாங்க சொல்ல மாட்டோம்."

நான் ஏதாவது சொல்வேன் என்று வன்னெஸ் என்னைப் பார்த்தான். அவன் நெற்றியில் காய்ந்திருந்த மண்ணை என் கைக்குட்டையால் துடைத்தேன்.

வெளியே வந்ததும் கிறிஸ்டீன் வில்ஃபிரிட்டைக் கட்டிக்கொண்டாள். "நீ இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். அவன் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றான். அவள் விடாததால் கடைசியில் ஒரு கையைத் தூக்கி அவள் முதுகில் வைத்தான்.

வன்னெஸ் தன் அம்மாவிடம் மே மாதம் சொன்னான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வாரம் அவள் காபிக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவள் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. எனக்கு அவளிடம் கேட்க ஒன்றுமே இல்லை என்று எப்படிச் சொல்வது? என் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை பேக்கரி வரிசையில் நின்றாள். மெலிந்திருந்தாள். தன் முறை வந்ததும் ரொட்டி அடுக்கைப் பார்த்துக்கொண்டு, "ஒரு கோதுமை ரொட்டி. வெட்டிக் குடுங்க" என்றாள். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னை நீங்க என்றாள்.

வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கும்போது அவள் விரல் என் விரலில் பட்டது. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர் இருமினார். அவள் போய்விட்டாள்.

வன்னெஸ் குணமாகி மறுபடி ஓட்டுகிறான். வில்ஃபிரிட் முன்னைவிடக் கொஞ்சம் பேசுகிறான். லாண்டர் சின்ன வயதில் செய்ததையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் அவனாகவே சொல்கிறான். கிறிஸ்டீன் செவ்வாய்தோறும் வந்து அதே ரொட்டி வாங்குகிறாள். நான் வெட்டிக் கொடுக்கிறேன்.